புசித்தால் புரதம், பசித்தால் பிளாஸ்டிக்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடியேதான் நுழைகிறார்கள். மலையும் மதிலும் மட்டும் இந்தக் கோட்டையைக் காத்துவிடவில்லை. 1690இல் தொடங்கி 1698 வரை சுல்பிகர் கானின் மொகலாயப் படை ஊரைச் சுற்றிக் கிடந்தபோது, உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியத்து நெல்லும் குளத்து நீரும் மலைச் சுனையும் பெரும் துணையாக இருந்தன. முற்றுகையில் சிக்கிய ஊர் ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். இருக்கிற இடத்தில், இருக்கிற தண்ணீரில், எத்தனை பேருக்கு எத்தனை நாள் சாப்பாடு போட முடியும்?

இன்று அதே கணக்கை உலகம் முழுவதும் உணவு அறிவியலாளர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அடிக்கடி வரும் பெயர் நுண்பாசி. குறைந்த நிலத்தில் நிறையப் புரதம் தரும், மட்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருளாகும் என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று சொல்லப்படும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குச் செஞ்சி போன்ற ஊர் நல்ல இடம். வெயில் நிறைய, தண்ணீர் அளவாக, நெல்லும் மணிலா எனப்படும் நிலக்கடலையும் முக்கியப் பயிர், கூடவே கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் விட்டுச் செல்லும் தண்ணீர் பாட்டில்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனிக் கூட்டமும் கூடும், குப்பையும் கூடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கோடையில் குளத்து நீர் பச்சைப் பெயின்ட் கரைத்ததுபோல் ஆவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பச்சையும் நுண்பாசிதான், ஆனால் அதைத் தின்ன முடியாது. தமிழ்நாட்டுக் குளங்களில் அப்படிப் படர்வது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனங்கள். அவற்றில் சில மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். மாடு குடித்துச் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் குளத்துப் பாசியை வாரி வந்து காயவைக்க வேண்டாம். உணவுக்கு ஆகும் பாசிகள் சிலதான். அவற்றைத் தனித் தொட்டியில், தனி நீரில், கண்காணித்து வளர்க்க வேண்டும்.

அந்தச் சிலவற்றில் முதன்மையானது சுருள்பாசி. கடைகளில் ஸ்பைருலினா என்ற பெயரில் மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிறது. அறிவியல் வகைப்பாட்டில் இது நீலப்பச்சைப் பாசி, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்குக் காரணமான கூட்டத்தைச் சேர்ந்தது. நுண்ணோக்கியில் வைத்தால் ஸ்பிரிங்கைப்போல் சுருண்ட பச்சை இழைகள் தெரியும். ஓர் இழையின் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. இந்தச் சின்ன நீளம் மிகப் பெரிய வசதி. துணியில் வடிகட்டிவிடலாம். குளோரெல்லா போன்ற உருண்டைப் பாசிகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவை துணியில் நிற்காமல் ஓடிவிடும். அவற்றைப் பிரிக்க மின்சாரத்தில் சுழலும் எந்திரம் வேண்டும். போதாததற்குக் குளோரெல்லாவின் செல்சுவர் தடிமனானது, அதை உடைத்தால்தான் உள்ளே இருக்கும் புரதம் நமக்குச் செரிக்கும். சுருள்பாசிக்கு அந்தத் தடிச் சுவரும் இல்லை.

மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்கள் இதை வலையில் அள்ளி உலர்த்திச் சாப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை ஒட்டிய குட்டைகளின் கரையில் இன்றும் பெண்கள் இதை மணலில் ஊற்றி வெயிலில் அடையாகக் காயவைத்து, திஹே என்ற பெயரில் குழம்பில் போடுகிறார்கள். இரண்டும் காரத்தன்மை மிகுந்த உப்பு நீர்நிலைகள். சுருள்பாசிக்குப் பிடித்த பி.எச். அளவு 9 முதல் 11 வரை. அந்தக் கார நீரில் வேறு கிருமிகளும் பாசிகளும் எளிதில் தலைகாட்ட முடியாது. வேலி தேவைப்படாத பயிர் என்றே சொல்லலாம். 35 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. 20 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி சுணங்கிவிடும். செஞ்சியில் அந்தக் கவலை மார்கழி இரவுகளில் மட்டும்தான் வரும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாசி புதிதல்ல. நம் மண்ணில் பாசி ஆராய்ச்சிக்கே நீண்ட வரலாறு உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில்தான் பணிபுரிந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய நீலப்பச்சைப் பாசி நூலை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஆனால் பாசியைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து கிராமத்து முற்றத்துக்குக் கொண்டுவந்த பெருமை சென்னை தரமணியில் உள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்துக்கும், அதை நடத்திய சி.வி. சேஷாத்ரிக்கும் உரியது.

சேஷாத்ரி வேதிப் பொறியாளர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1970களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து இந்த மையத்தைக் கட்டியெழுப்பினார். ஏழை நாட்டின் அறிவியல் பணக்கார நாட்டு அறிவியலின் மலிவுப் பதிப்பாக இருக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான நிலை. வெயில், மனித உழைப்பு, உள்ளூர்ப் பொருள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திறன் அளவீடும் நமக்குப் பொருந்தாது என்று வாதாடினார். அந்த மையத்தின் பாசியியலாளர் ஜீஜி பாயும் அவரும் மதுரைப் பக்கத்து நீர்நிலையில் கிடைத்த உள்ளூர்ச் சுருள்பாசி இனத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு விதைப்பாசி வேண்டாம், நம் குளத்திலேயே இருக்கிறது என்று காட்டிய வேலை அது.

அதைவிட எனக்கு வியப்பு தருவது, 1986இல் அந்த மையம் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. கிராமத்து வீடுகளில் மண்பானையில் சுருள்பாசி வளர்ப்பது எப்படி என்பதுதான் பொருள். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் கணினிக் கட்டுப்பாடும் இல்லாமல், பானை, குச்சி, துணி, வெயில் ஆகியவற்றோடு முடியும் ஒரு தொழில்நுட்பம். உலகத்தில் பாசி ஆய்வு நடத்திய பெரிய நாடுகள் பலவும் அப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன.

பிறகு 1990களின் தொடக்கத்தில் பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் சில மாதங்கள் சுருள்பாசி கொடுத்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தையின் வெள்ளை விழியில் நுரைபோல் ஒரு திட்டு தோன்றும்; கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். அந்தத் திட்டுகள் வெகுவாகக் குறைந்தன என்று சேஷாத்ரி 1993இல் பதிவு செய்தார். காரணம் எளிது. சுருள்பாசியில் பீட்டா கரோட்டின் செறிந்திருக்கிறது. உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த 1 கிராமில் இருந்த புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். குழந்தைகளுக்குப் பயன்பட்டது புரதமல்ல, கரோட்டின். சுருள்பாசியில் 60 சதவீதம் புரதம் என்பது சரி. ஆனால் ஒரு முட்டையில் உள்ள 6 கிராம் புரதத்தை எட்ட 10 கிராம் பொடி தின்ன வேண்டும். கிலோ 800 ரூபாய் என்று வைத்தால்கூட அது 8 ரூபாய். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைக்கு ஒரு முழு முட்டை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது, வாயிலும் வைக்க முடிகிறது. இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுப் புரதத் தேவை தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அப்படி நம்பவைத்து விற்பது தவறு. பி12 கதையும் இதேதான். சைவ உணவுக்காரர்களுக்குச் சுருள்பாசியில் பி12 கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். அதை நம்பி உண்மையான பி12ஐ விட்டுவிட்டால் நரம்புக்கே ஆபத்து.

அப்படியென்றால் மாற்றுப் புரதம் என்ற பேச்சு வீணா? இல்லை. நிலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செஞ்சி வட்டாரத்தில் மணிலா நன்றாக விளைந்தால் ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை டன் காய் என்று வைப்போம். தோல் போகப் பருப்பு ஒன்றே முக்கால் டன். அதில் கால் பங்கு புரதம். ஆக 440 கிலோ. இரு போகம் எடுத்தால் 880 கிலோ. அதே ஒரு ஹெக்டேரில் சுருள்பாசித் தொட்டி அமைத்து, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் உலர்பாசி எடுத்தால், 300 நாளில் 24 டன். அதில் புரதம் 14 டன்னுக்கு மேல். நடைமுறையில் மழை, நோய், பழுது என்று பாதி போனாலும் 7 டன். மணிலாவைவிட எட்டு மடங்கு. தண்ணீரிலும் அதே நிலைமைதான். நம் வெயிலில் தொட்டியிலிருந்து நாளுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், ஒரு கிலோ பாசிப் புரதத்துக்குச் செலவாவது 1,000 லிட்டரை ஒட்டி. மணிலாப் புரதத்துக்கு அதைப்போல் பத்து மடங்கு வேண்டும். மேலும் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சுருள்பாசிக்கு இல்லை. பயிருக்கு ஆகாத உவர்நீர்க் கிணறு அதற்குப் போதும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீராக மட்டும் இருக்கக் கூடாது, அது தொட்டியின் அடியில் படிந்து உரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதுவரை கணக்கு பாசியின் பக்கம். இனி மறுபக்கம். புரதம் என்றால் நைட்ரஜன், நம் உழவர்கள் சொல்லும் தழைச்சத்து. மணிலாவின் வேர் முடிச்சில் ரைசோபியம் உட்கார்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. நெல் வயலில் விடும் நீலப்பச்சைப் பாசி உரமும் காற்றிலிருந்து பிடிக்கும்; பி.கே. டே என்ற ஆய்வாளர் 1939இல் அதை நிறுவினார். சுருள்பாசிக்கு அந்தத் திறமை கிடையாது. அதற்கு நாம்தான் ஊட்ட வேண்டும். 14 டன் புரதத்துக்குள் இரண்டு டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது, ஏறத்தாழ 5 டன் யூரியாவுக்குச் சமம். அதோடு கார்பனுக்குச் சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் மணிச்சத்து, கொஞ்சம் இரும்பு. சுருள்பாசி சூரியனையும் தண்ணீரையும் மட்டும் தின்று வளர்கிறது என்று எழுதுகிறவர்கள் உரக் கடை ரசீதைப் பார்த்ததில்லை.

தொட்டியில் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லில் பல ஆண்டுகளாகச் சுருள்பாசி வளர்க்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நியூட்ராசூட்டிகல்ஸ் பெரும் பண்ணையே வைத்திருக்கிறது. சிறிதோ பெரிதோ, அடிப்படை ஒன்றுதான். ஒரு முழத்துக்கும் குறைந்த ஆழத்தில் நீள்வட்டத் தொட்டி. நீரை மெல்லச் சுழற்ற ஒரு துடுப்புச் சக்கரம். சிறு தொட்டியானால் துடைப்பத்தால் கலக்கினாலே போதும். கலக்காவிட்டால் மேலே மிதக்கும் இழை வெயிலில் வெளுத்துச் சாகும், அடியில் இருப்பது வெளிச்சமில்லாமல் தேங்கும். சித்திரை வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். ஐப்பசி மழைக்குக் கூரை வேண்டும். செஞ்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெய்கிற மழை திறந்த தொட்டியில் விழுந்தால் நீர் நீர்த்துப்போய்க் காரம் இறங்கிவிடும்.

அறுவடை விடியற்காலையில் நடக்கும். அதற்கு அறிவியல் காரணம் உண்டு. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பாசி இரவில் சுவாசித்துச் செலவழித்துவிடுகிறது. காலையில் எடுத்தால் புரதத்தின் விகிதம் கூடுதலாக இருக்கும். குச்சியின் நுனியில் பொருத்திய வெள்ளைத் தகட்டைத் தொட்டியில் இறக்குவார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலேயே தகடு கண்ணுக்கு மறைந்தால் பாசி முற்றிவிட்டது என்று பொருள். நெருக்கமாக நெய்த துணியில் நீரை ஊற்ற, பச்சை மட்டும் தங்கும். வடிந்த நீர் திரும்பத் தொட்டிக்கே போகும். துணியில் நிற்பதை நல்ல நீரில் அலசி, மடித்துக் கல்லேற்றி அழுத்தினால் கெட்டியான பச்சை மாவு கிடைக்கும். அதை இடியாப்ப அச்சில் போட்டு வலைமேல் பிழிந்து காயவைக்கிறார்கள். மெல்லிய இழையாகப் பிழிந்தால்தான் கெடுவதற்குள் காயும். அன்று மாலைக்குள் கையில் ஒடித்தால் சடசடவென ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும்.

ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு 1,000 லிட்டருக்கு மேல் நீர் துணி வழியாகப் போய்வர வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாசியின் விலையைக் கூட்டுவதில் இந்தப் படிக்குப் பெரும் பங்கு உண்டு.

இனிப் பிளாஸ்டிக்.

1926இல் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் ஒரு பாக்டீரியாவுக்குள் பாலியெஸ்டர் வகைப் பொருளொன்று சேமிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். பாலி ஹைட்ராக்சி பியூட்டிரேட், சுருக்கமாக பி.எச்.பி. நாம் உடலில் கொழுப்பைச் சேர்ப்பதுபோல் அந்த நுண்ணுயிர் இதைச் சேர்க்கிறது. நீலப்பச்சைப் பாசிகள் பலவும் இதைச் செய்கின்றன, சுருள்பாசி உட்பட. நைல் ரெட் என்ற சாயத்தை ஏற்றி ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சைச் செல்லுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக மின்னும். அந்த மணிகளைப் பிரித்து உருக்கினால் அது பிளாஸ்டிக். சுமார் 175 டிகிரியில் உருகும், அச்சில் வார்க்கலாம். மண்ணில் போட்டால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும், ஏனென்றால் அது அவற்றுக்குத் தெரிந்த தீனி.

ஆனால் அந்தச் செல் எப்போது அதைச் சேர்க்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது, கார்பன் இருக்கிறது, தழைச்சத்து மட்டும் தீர்ந்துவிட்டது என்றால் செல்லால் புரதம் கட்ட முடியாது. வரும் கார்பனை எங்கே வைப்பது? மாவுப்பொருளாக, எண்ணெயாக, பி.எச்.பி.யாகச் சேர்த்து வைக்கிறது. வயிறாரத் தின்னும் செல் புரதம் தரும்; பட்டினி கிடக்கும் செல் பிளாஸ்டிக் தரும். இதனால்தான் ஒரே தொட்டியில் இரண்டையும் அள்ளலாம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எந்தக் கம்பெனி வந்து சொன்னாலும் செல்லின் இந்த இயல்பு மாறப்போவதில்லை.

இயல்பைக் கொஞ்சம் வளைக்கலாம் என்பது வேறு. இயற்கையான பாசியில் பி.எச்.பி. உலர் எடையில் சில சதவீதம். பட்டினி போட்டால் பத்து, பதினைந்து. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபோர்ஷ்ஹாமரின் குழு 2020இல் சைனெகோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் மரபணுவில் கைவைத்தது. கார்பன் எங்கே போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தை நீக்கி, பி.எச்.பி. செய்யும் நொதிகளுக்கான மரபணுக்களை வேறொரு பாக்டீரியாவிலிருந்து சேர்த்தார்கள். நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லாமல் பட்டினி போட்டபோது செல் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பிளாஸ்டிக். அசிட்டேட் ஊட்டியபோது 80 சதவீதத்தையே தொட்டது. குடுவையில் கிடைத்த இந்த அளவை வெட்டவெளித் தொட்டியில் எட்டுவது இன்னும் நீண்ட வேலை. எட்டினாலும் மரபணு மாற்றிய உயிரைத் திறந்த தொட்டியில் விடலாமா என்ற கேள்வி தனியே நிற்கும்.

பி.எச்.பி. தவிர வேறு வழிகளும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2023இல் சுருள்பாசிப் பொடியை எதுவும் பிரிக்காமல் அப்படியே சூடேற்றி அழுத்தித் தகடாக்கினார்கள். கொல்லைப்புற உரக்குழியில் வாழைப்பழத் தோலைப்போல் மட்கிவிடுகிறது. வளைத்தால் ஒடிகிறது, தண்ணீர் பட்டால் தாங்குவதில்லை என்பவை இன்னும் தீராத குறைகள். சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பாசி எண்ணெயிலிருந்து செருப்பு அடிப்பாகத்துக்கான பாலியூரித்தேன் செய்திருக்கிறார்கள். அதைத் துகளாக்கி உரத்தில் கலந்து வைத்தபோது 200 நாளில் 3 சதவீதம்தான் மிஞ்சியது. பெட்ரோலியப் பிளாஸ்டிக் துகள் கிட்டத்தட்டப் போட்டது போட்டபடி இருந்தது. நுண்பிளாஸ்டிக் மனித ரத்தத்திலும் தாயின் நஞ்சுக்கொடியிலும் கண்டறியப்பட்டுவிட்ட இந்தக் காலத்தில், பாசிப் பிளாஸ்டிக்கைப் பொருட்படுத்த வேண்டியதற்கு எனக்கு இந்த ஒரு முடிவே போதும்.

ஆனால் விலை? சாதாரண பாலித்தீன் கிலோ நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. சுருள்பாசிப் பொடியோ கிலோ சில நூறு ரூபாய்க்குக் குறையாது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பிளாஸ்டிக் என்றால், ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்குப் பத்துக் கிலோ பாசி. உணவாகத் தகுந்த பாசியைப் பையாக்குவது பொருளாதாரத்துக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது. குழந்தையின் கண்ணைக் காக்கும் பொருளைத் தேநீர்க் கோப்பையாக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிளாஸ்டிக்குக்கான பாசி எங்கிருந்து வர வேண்டும்? கழிவுநீரிலிருந்து.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த பாசித் தொழில்நுட்ப நிறுவனத்தின் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர், 2006 முதல் ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையின் அமிலக் கழிவுநீரை நுண்பாசி கொண்டு சுத்திகரித்துக் காட்டினார்கள். பாசி கழிவில் இருக்கும் சத்தைத் தின்று வளர்கிறது, தண்ணீர் தெளிகிறது. அங்கே வளரும் பாசி உணவுக்கு ஆகாது. கழிவில் இருக்கும் உலோகங்களையும் உறிஞ்சியிருக்கும். ஆனால் பிளாஸ்டிக்குக்கு அது தடையில்லை.

செஞ்சியைச் சுற்றி என்ன கழிவுநீர் இருக்கிறது என்று பாருங்கள். நெல் சந்தைக்குப் பேர்போன ஊர் இது. புழுங்கல் அரிசி ஆலைகளில் ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஊறவைத்த பின் வெளியே வருகிறது. மஞ்சளாய், புளித்த வாடையோடு, கரிமப் பொருளும் மணிச்சத்தும் கலந்து வாய்க்காலில் ஓடி ஏரியைக் கெடுக்கிறது. அதே ஆலையின் உமி எரிக்கும் கொதிகலனிலிருந்து கரியமில வாயு புகைபோக்கி வழியாகப் போகிறது. குளோரெல்லா போன்ற பாசிகளை அரிசி ஆலைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்த ஆய்வுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நீரில் பாசியை விட்டு, புகையை ஊதினால், சில நாளில் அது தழைச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். அதன்பின் தானாகவே பட்டினி தொடங்கும்; செல் மாவுப்பொருளையும் எண்ணெயையும் சேர்க்க ஆரம்பிக்கும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் பி.எச்.பி.யையும். தண்ணீர் சுத்தமாகிற நேரமும் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் முற்றுகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. சுத்திகரிப்புக்கு ஆலை எப்படியும் செலவழித்தாக வேண்டும். அந்தச் செலவுக் கணக்கில் பாசியின் விலையும் அடங்கிவிட்டால், பாலித்தீனோடு போட்டியிட ஒரு வழி பிறக்கும். மாவுப்பொருள் நிறைந்த பாசியைக் கிளிசரினோடு கலந்து நாற்றுப் பைகளும் நிலப்போர்வைத் தாள்களும் செய்யலாம். நாற்றோடு சேர்த்து மண்ணில் புதைத்துவிட ஏற்ற பொருள். உணவு படாத இடத்தில் பயன்படுவதால் பயமும் இல்லை.

நம் மாவட்டத்துக் கடற்கரையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கீட்டோசெராஸ் என்ற நுண்பாசியை அன்றாடம் வளர்த்து இறால் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். அந்தப் பாசி இல்லாமல் குஞ்சு பிழைப்பது கடினம். நுண்பாசி எதிர்காலத் தொழில்நுட்பம் என்று மேடையில் பேசும்போது, ஏற்கெனவே அதை நாள்தோறும் வளர்க்கும் கைகள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் தொட்டி செத்துவிடும் என்பது அவர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. பயிற்சி கொடுக்க ஆள் தேடி வெளிநாடு போக வேண்டாம்.

தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பாசிப் பிளாஸ்டிக் வந்துவிட்டால் இவையெல்லாம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மட்கும் என்று அச்சிட்ட பொருள் எங்கே, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் மட்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. கோப்பை 58 டிகிரி வெப்பமுள்ள தொழிற்சாலை உரக்கிடங்கில் மட்கும். கோட்டைப் படிக்கட்டு ஓரத்தில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். குப்பையைப் பிரித்து வாங்காத பேரூராட்சியில் எந்த மட்கும் பிளாஸ்டிக்கும் வெறும் குப்பைதான்.

ஆகவே என் முடிவு இது. நல்ல நீரில் வளரும் பாசி வாய்க்கு, கழிவுநீரில் வளரும் பாசி பைக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. முதல் வேலைக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தரமணியில் செய்து காட்டிவிட்டார்கள். ஒரு கிரவுண்டு மனையில் பாதியைத் தொட்டியாக்கினால் சுமார் 110 சதுர மீட்டர். நாளுக்கு 880 கிராம் பாசி கிடைக்கும். இழப்புகளைக் கழித்தாலும் 400 அங்கன்வாடிக் குழந்தைகளுக்குத் தலைக்கு 1 கிராம் வீதம் மிட்டாயிலோ சத்துமாவு உருண்டையிலோ கலந்து கொடுக்கப் போதும். முட்டைக்குப் பதிலாக அல்ல, முட்டையோடு சேர்த்து.

மணிலாவுக்கு டி.எம்.வி. ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கிறது. செஞ்சியில் மகளிர் சுய உதவிக் குழுக்களும், வற்றாத வெயிலும், பயிருக்கு உதவாத உவர்நீர்க் கிணறுகளும் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் இந்த ஐந்தையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரு தொட்டியில் பாசியை வளர்த்து, மாதம் ஒருமுறை மைக்ரோசிஸ்டினுக்கும் ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்களுக்கும் ஆய்வகச் சோதனை செய்து, ஓராண்டு குழந்தைகளின் கண்ணையும் ரத்தத்தையும் அளந்து பார்க்கட்டும். பக்கத்திலேயே ஓர் அரிசி ஆலையில் இரண்டாவது தொட்டியைத் தொடங்கட்டும். நீங்கள் இப்போதே சுருள்பாசி வாங்கிச் சாப்பிடுகிறவராக இருந்தால், டப்பாவில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாருங்கள், நஞ்சுச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.